தணிந்த குரல்



விமான விபத்துகளைப் பற்றிப் பேசுவேன் என்று அறிவித்துவிட்டார்கள். இன்ஜின், இறக்கை, மின்கோளாறு என்று எதையாவது எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று அவை எதுவும் வராது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ரேடியோ வேலை செய்தது, இரு பக்கமும் அனுபவசாலிகள் இருந்தார்கள். ஆனாலும் ஒருவர் சொன்னது இன்னொருவரிடம் போய்ச் சேரவில்லை. அப்படி நடந்த சிலவற்றைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த ரேடியோவைப் பற்றி இரண்டு வார்த்தை. விமானிக்கும் தரையிலிருக்கும் கன்ட்ரோலருக்கும் நடப்பது தொலைபேசிப் பேச்சு அல்ல. ஒரே அலைவரிசையில் பல விமானங்கள் இருக்கும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பொத்தானை அழுத்திப் பேசவேண்டும், விட்டால்தான் கேட்கும். இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்திவிட்டால் மற்றவர்கள் காதில் ஒரு கீச்சொலி விழும். அழுத்திய இருவருக்கும் அதுகூடக் கேட்காது. தாம் சொன்னது போய்விட்டது என்றே இருவரும் நினைத்துக்கொள்வார்கள்.

இந்தக் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் ‘ரீட்பேக்’ என்ற ஏற்பாட்டை வைத்தார்கள். கன்ட்ரோலர் ஒன்றைச் சொல்கிறார், விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்கிறார், அவர் திருப்பிச் சொன்னது சரிதானா என்று கன்ட்ரோலர் கவனித்துக் கேட்கிறார். மூன்றில் கடைசிப் படிக்குச் சத்தம் கிடையாது. அது நடந்ததா, நடக்கவில்லையா என்பது வெளியே யாருக்கும் தெரியாது.

1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 ஒன்று வருகிறது. கன்ட்ரோலர் ஆங்கிலத்தில் ‘இறங்கு, டூ ஃபோர் சீரோ சீரோ’ என்கிறார். 2,400 அடிக்கு இறங்கு என்று பொருள். ஆங்கிலத்தில் ‘இரண்டு’ என்பதற்கும் ‘இவ்வளவுக்கு’ என்பதற்கும் ஒலி ஒன்றே. விமானி அதை ‘400-க்கு இறங்கு’ என்று எடுத்துக்கொண்டார். ‘ஓகே, ஃபோர் சீரோ சீரோ’ என்று திருப்பியும் சொன்னார். தவறு நடந்துவிட்டது, அது வாய்விட்டும் சொல்லப்பட்டுவிட்டது. அதைப் பிடிப்பதற்காகவே வைத்த ஏற்பாடும் அங்கேதான் இருந்தது. யாரும் பிடிக்கவில்லை. தரை நெருங்குகிறது என்று விமானத்தின் கருவி எச்சரித்ததையும் பொருட்படுத்தவில்லை. 437 அடி உயரத்தில் ஒரு குன்றில் மோதி, உள்ளே இருந்த 4 பேரும் இறந்தார்கள். ‘இரண்டாயிரத்து நானூறு அடி’ என்று முழுசாகச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. அப்படிச் சொல்லவேண்டும் என்பதுதான் முறை. சுருக்கிச் சொல்வது பழக்கம்.

அப்படியானால் ரீட்பேக் சரியாக இருந்தால் போதுமா? 2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேடா விமான நிலையம். முந்தைய நாள் நோட்டோ தீபகற்பத்தில் பெரும் நிலநடுக்கம். நிவாரணப் பொருள்களோடு கிளம்பவிருந்த கடலோரக் காவல்படையின் சிறு விமானத்திடம் கன்ட்ரோலர், நீங்கள்தான் ‘நம்பர் ஒன்’, சி-5 என்ற நிறுத்தக் கோடு வரை செல்லுங்கள் என்றார். அந்த விமானம் அதைப் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னது. பிறகு நிறுத்தக் கோட்டைத் தாண்டி ஓடுபாதைக்குள் போய், சுமார் 40 நொடி அங்கேயே நின்றது. இறங்க அனுமதி பெற்று வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ350 அதன்மேல் மோதியது. பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் எரியும் விமானத்திலிருந்து தப்பியது உலகமே வியந்த செய்தி. சிறு விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள். ஓடுபாதைக்குள் செல்ல அனுமதி கிடைத்துவிட்டதாகவே அதன் கேப்டன் நம்பியிருந்தார் என்று விசாரணை வாரியத்தின் இடைக்கால அறிக்கை சொல்கிறது. புறப்படும் வரிசையில் நீங்கள் முதல் ஆள் என்ற தகவலாகத்தான் கன்ட்ரோலர் ‘நம்பர் ஒன்’ என்றார். அவசர வேலையாகப் போகிற ஒருவருக்கு அது ‘வழிவிட்டுவிட்டார்கள்’ என்று கேட்டிருந்தால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அனுமதியை எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர் காதில் எது விழுந்தாலும் அது அனுமதியாகத்தான் விழும். ‘நம்பர் ஒன்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதை ஜப்பான் உடனே நிறுத்திவைத்தது. ஓடுபாதையில் விமானம் நிற்பதைக் காட்டும் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஹனேடாவில் தனியாக ஓர் ஆளையும் அமர்த்தியது.

இதுவரை சொன்னவை காதின் பிழைகள். என்னை அதிகம் தொந்தரவு செய்வது இன்னொரு வகை. சொல்லவேண்டியது என்ன என்பது ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது, வாயும் திறக்கிறார், ஆனால் பாதிதான் சொல்கிறார். ரேடியோ என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. அவர் குரல்தான் தணிந்துவிடுகிறது.

டெனரீஃப் விபத்தைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1977 மார்ச் 27. கேனரித் தீவுகளில் லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்கவேண்டிய விமானங்களெல்லாம் பக்கத்துத் தீவான டெனரீஃபின் சிறிய லாஸ் ரோடியோஸ் நிலையத்துக்குத் திருப்பப்பட்டன. நிறுத்த இடமில்லாமல் விமானங்கள் டாக்ஸி பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. மறுபடி கிளம்பும்போது, ஓடுபாதையிலேயே ஊர்ந்து கோடிக்குப் போய்த் திரும்பவேண்டிய நிலைமை. நெதர்லாந்தின் கேஎல்எம் 747 முன்னால் போய்க் கோடியில் திரும்பி நிற்கிறது. அமெரிக்காவின் பான் ஆம் 747 அதே ஓடுபாதையில் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது வழியில் வெளியேறு என்று அதற்குச் சொல்லியிருந்தார்கள். மூடுபனியில் அது அந்த வழியைத் தாண்டிவிட்டது. ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. டவரில் இருப்பவர் இரண்டையும் பார்க்க முடியாது. தரையில் நகர்வதைக் காட்டும் ரேடாரும் அங்கே இல்லை.

கேஎல்எம் கேப்டன் அந்த நிறுவனத்தில் 747 பயிற்சிக்கே தலைவர். அவர்களுடைய விளம்பரத்தில் படம் வந்தவர். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு அந்த விமானத்தை ஓட்டத் தகுதி உண்டு என்று சுமார் இரண்டு மாதங்களுக்கு முன் சான்று கொடுத்தவரும் அவரே. அவர் முதலில் இன்ஜின் வேகத்தைக் கூட்டியபோது துணை விமானி தடுத்தார்: பொறுங்கள், நமக்கு இன்னும் கிளியரன்ஸ் வரவில்லை. கேப்டன், தெரியும், கேள் என்றார். இவர் கேட்டார். கிளம்பியபின் எந்த வழியாகப் போகவேண்டும் என்ற குறிப்பு வந்தது. அந்தக் குறிப்புக்குள் ‘டேக்ஆஃபுக்குப் பின் வலப்பக்கம் திரும்பு’ என்ற வாசகம் இருந்தது. கிளம்பலாம் என்று யாரும் சொல்லவில்லை. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேப்டன் மறுபடி வேகத்தைக் கூட்டிவிட்டார்.

இந்த இடத்தை நிதானமாகப் பாருங்கள். ஒருமுறை தன் மேலதிகாரியைத் திருத்தியாகிவிட்டது. ஒரு நிமிடத்துக்குள் இரண்டாம் முறை திருத்தவேண்டும். எழுந்து நின்று, நிறுத்துங்கள் என்று சொல்வதற்குப் பதில் அவர் ரேடியோவில், இப்போது டேக்ஆஃபில் இருக்கிறோம் என்பது போன்ற ஒரு வாசகத்தைச் சேர்த்தார். கிளம்பத் தயாராக நிற்கிறோம் என்றும் அதைக் கொள்ளலாம், கிளம்பிவிட்டோம் என்றும் கொள்ளலாம். தன் கேப்டனை மீறாமலே டவருக்கு ஒரு தகவலைக் கொடுக்கப் பார்த்தார் என்பது என் ஊகம். டவர் ‘ஓகே’ என்றது. ஒரு கணம் விட்டு, டேக்ஆஃபுக்குக் காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றது. அந்தப் பின்பகுதி ஒலித்த அதே நேரத்தில் பான் ஆமும் பொத்தானை அழுத்தி, நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்றது. இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று மோதின. கேஎல்எம் விமானிகளுக்குத் தெளிவாகக் கிடைத்தது அந்த ‘ஓகே’ மட்டும்தான். மீதி கீச்சொலி.

அதோடு முடியவில்லை. ஓடுபாதையை விட்டு விலகியதும் தெரிவியுங்கள் என்று டவர் பான் ஆமிடம் சொல்வதும், தெரிவிக்கிறோம் என்று அவர்கள் சொல்வதும் கேஎல்எம் விமானத்துக்குள் நன்றாகவே கேட்டது. கேஎல்எம் கேப்டனும் துணை விமானியும் ஓட்டத்தில் மூழ்கியிருந்தார்கள். பின்னால் இருந்த ஃப்ளைட் இன்ஜினியர் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னது என்ன? ‘அப்படியானால் அந்த பான் அமெரிக்கன் இன்னும் விலகவில்லையா?’ ஒரு கேள்வி. கேப்டன் அழுத்தமாக, விலகிவிட்டது என்றார். இன்ஜினியர் அதற்குமேல் பேசவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். உலகில் இதுவரை நடந்த விமான விபத்துகளில் உயிர்ச்சேதத்தில் இதுதான் பெரியது.

இதற்குப் பிறகு ‘டேக்ஆஃப்’ என்ற சொல்லுக்கே வேலி போட்டார்கள். கிளம்பலாம் என்று அனுமதிக்கும்போதும், அந்த அனுமதியை ரத்துசெய்யும்போதும் மட்டுமே அது வாயில் வரலாம். மற்ற எல்லா இடத்திலும் ‘டிபார்ச்சர்’. நல்ல விதிதான். ஆனால் இன்ஜினியரின் அந்தக் கேள்வியை ஒரு கட்டளையாக மாற்ற விதியால் முடியாது. அதற்கு வேறொரு பயிற்சி தேவைப்பட்டது. காக்பிட்டில் கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் எப்படிப் பேசவேண்டும் என்று கற்றுக்கொடுக்கும் பயிற்சி. அதை விமான நிறுவனங்கள் மெல்ல மெல்லத்தான் ஏற்றன.

நம் நாட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி 747-ம், டெல்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தானின் இல்யூஷின்-76-ம் வானிலேயே மோதி 349 பேர் இறந்தார்கள். வளைகுடா வேலைக்குப் போன இந்தியத் தொழிலாளர்கள் அதில் பலர். 14,000 அடியில் சவூதி, 15,000 அடியில் கஜக் விமானம் என்று கன்ட்ரோலர் சரியாகவே பிரித்து வைத்திருந்தார். 15,000-இல் இருக்கிறோம் என்று பதிலும் வந்தது. விமானமோ இறங்கிக்கொண்டே இருந்தது. கஜக் விமானத்தில் ஆங்கிலம் பேசும் பொறுப்பு ரேடியோ ஆபரேட்டருடையது. உயரமானி அவர் இருக்கையில் கிடையாது. முன்னால் விமானிகளின் கருவியை எட்டிப் பார்க்கவேண்டும். தரையிலிருந்து வரும் சொல்லைக் கேட்பவர் ஒருவர், விமானத்தைச் செலுத்துபவர் வேறொருவர். கடைசிக் கணத்தில் உயரம் தப்பு என்று உணர்ந்து மேலே ஏற்ற முயன்றதில்தான் மோதல் நேர்ந்தது. அன்று டெல்லியில் இருந்த ரேடார் விமானம் எங்கே என்று காட்டும். எவ்வளவு உயரத்தில் என்று காட்டாது. வாயால் சொன்ன எண்ணை நம்புவதைத் தவிர கன்ட்ரோலருக்கு வேறு வழி இல்லை.

இனி நான் பேச வந்த கதை. 1990 ஜனவரி 25 இரவு, நியூயார்க். கொலம்பியாவின் அவியான்கா நிறுவனத்தின் போயிங் 707, பொகோட்டாவிலிருந்து மெடலின் வழியாக 158 பேருடன் கென்னடி விமான நிலையத்துக்கு வருகிறது. வானிலை மோசம்; நெரிசல். மூன்று இடங்களில் அதை வட்டமடிக்க வைத்தார்கள்: 19 நிமிடம், 29 நிமிடம், இன்னொரு 29 நிமிடம். மொத்தம் 1 மணி 17 நிமிடம். கேப்டனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ரேடியோவில் பேசியவர் துணை விமானி.

மூன்றாவது வட்டத்தில் அவர், எங்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்று நினைக்கிறேன் என்றார். எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டார்கள். ஐந்து நிமிடம், அவ்வளவுதான். மாற்று நிலையம் எது? பாஸ்டன், ஆனால் இனி அங்கே போக முடியாது, எரிபொருள் தீர்ந்துவிடும். சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டார் இல்லையா? ஆனால் இந்தத் தகவல் அடுத்த கன்ட்ரோல் அறைக்குப் போனபோது, ஐந்து நிமிடம்தான் காத்திருக்க முடியுமாம் என்ற பகுதி மட்டுமே போனது. பாஸ்டனைப் பற்றிய பகுதி அதைக் கைமாற்றியவரின் காதில் விழவே இல்லை. ஐந்து நிமிடம் என்பது காத்திருக்கும் வட்டத்தின் கணக்கு என்று கொண்டு, அவர்கள் விமானத்தை வட்டத்திலிருந்து எடுத்து மற்ற விமானங்களோடு வரிசையில் சேர்த்தார்கள். கன்ட்ரோலர் பார்வையில் கேட்டது கொடுத்தாயிற்று. விமானிகள் பார்வையில் நாம் சொன்னது அவர்களுக்குத் தெரியும்.

முதல் முறை இறங்க முயன்றார்கள். கீழே காற்று திடீர் திடீரென மாறியது; ஓடுபாதை கண்ணுக்கு அகப்படவில்லை; மேலே ஏறவேண்டியதாயிற்று. கேப்டன் ஸ்பானிய மொழியில், நாம் அவசர நிலையில் இருக்கிறோம் என்று சொல் என்றார். துணை விமானி ரேடியோவில் சொன்னதைக் கேளுங்கள்: 180 பாகைக்குத் திரும்புகிறோம், மறுபடி முயல்கிறோம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. முதலில் திசை, பிறகு வேலை, கடைசியில் அந்தச் செய்தி. ‘எமர்ஜென்சி’ என்ற சொல்லே இல்லை. கேப்டன், சொன்னாயா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் ஐயா என்றார் இவர். அவர் பொய் சொல்லவில்லை, சொல்லிவிட்டதாகவே நினைத்தார்.

அன்றிரவு எத்தனையோ விமானங்கள் காத்திருந்தன. எல்லாவற்றிலும் எரிபொருள் குறைந்துகொண்டுதான் இருந்தது. அவர் குரலில் பதற்றம் தொனிக்கவில்லை என்று கன்ட்ரோலர்கள் பிறகு சொன்னார்கள். கல்யாணப் பந்தியில் மெதுவாக ‘போதும்’ என்பவர் இலையில் இன்னொரு கரண்டி விழத்தான் செய்யும். கையை இலைமேல் வைத்து மறைத்தால்தான் பரிமாறுபவர் நகர்வார். நியூயார்க் அலைவரிசையில் இலையை மறைக்கும் கை ‘எமர்ஜென்சி’ என்ற சொல்தான். அது வரவே இல்லை.

மறுபடி இறக்குவதற்காக அப்ரோச் கன்ட்ரோலர் விமானத்தைச் சுற்றிக்கொண்டுபோகிறார். உங்களைப் பதினைந்து மைல் வடகிழக்கே கொண்டுபோய்த் திருப்புகிறேன், அது உங்களுக்கும் உங்கள் எரிபொருளுக்கும் சரிதானே என்று கேட்கிறார். துணை விமானியின் பதில்: ‘சரி என்றுதான் நினைக்கிறேன். மிக்க நன்றி.’ காக்பிட்டுக்குள், அந்த ஆள் கோபமாக இருக்கிறார் என்று ஒருவர் சொல்வது கறுப்புப் பெட்டியில் பதிவாகியிருக்கிறது. ஆறேழு நிமிடத்தில் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அப்போது அவர் சொன்னது: இரண்டு இன்ஜின் நின்றுவிட்டது, முன்னுரிமை வேண்டும், ப்ளீஸ்.

இன்ஜின் நின்றபிறகும் ப்ளீஸ். விமானம் லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற இடத்தில் விழுந்தது. தீப்பிடிக்கவில்லை, எரிய எதுவும் மிச்சமில்லை. 85 பேர் பிழைத்தார்கள், 73 பேர் இறந்தார்கள்.

இந்த விபத்தைப் பற்றி எழுதியவர்களில் சிலர் பழியைப் பண்பாட்டின்மேல் போட்டார்கள். மேலிருப்பவருக்குப் பணிவது கொலம்பியர் வழக்கம், நியூயார்க்காரரின் அதட்டலில் அவர் ஒடுங்கிவிட்டார் என்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. நெதர்லாந்துக்காரர்கள் முகத்துக்கு நேரே பேசுகிறவர்கள் என்று ஐரோப்பாவில் பெயர். டெனரீஃபில் பின்னிருக்கையில் கேள்வியோடு நின்றுபோனவர் நெதர்லாந்துக்காரர்தான். அதிகாரம் இருக்கும் இடத்தில் கீழே உள்ளவர் எந்த மொழியிலும் வாக்கியத்தைக் கேள்வியாக வளைத்துவிடுவார். நம் ஊர் அலுவலகங்களில் ‘ஒருதடவை பாத்துட்டா நல்லா இருக்கும் சார்’ என்ற வாக்கியத்துக்கு ‘இதில் கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்’ என்று பொருள் என்பதை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

ஆபத்தை அறிவிக்கும் ‘மேடே’ போன்ற கட்டிவைத்த சொற்களை நான் இப்படித்தான் பார்க்கிறேன். அவை குறுகியவை, தெளிவானவை என்பது ஒரு பக்கம். அவற்றில் மரியாதை விகுதி கிடையாது என்பது இன்னொரு பக்கம். ‘மேடே’வைப் பணிவாகச் சொல்ல முடியாது, துடுக்காகவும் சொல்ல முடியாது. கொடுத்த உத்தரவைச் செய்ய இயலாது என்பதற்கு ‘அனேபிள்’ என்று ஒரே சொல். அதற்கு மன்னிப்பும் தேவையில்லை, காரணமும் பிறகு சொல்லிக்கொள்ளலாம். வேலைக்கு வந்து ஆறு மாதமானவர் முப்பது வருடக்காரரிடம் சொல்லத் தயங்குவதை அந்தச் சொல் அவருக்காகச் சொல்லிவிடுகிறது.

அவியான்கா விசாரணையில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதல் குற்றத்தை விமானிகள்மேல் வைத்தது: எரிபொருளைக் கவனித்துத் திட்டமிடவில்லை, அவசரத்தை உரிய சொல்லால் தெரிவிக்கவில்லை. எரிபொருள் குறைவைச் சொல்ல இரு தரப்புக்கும் ஒரே பொருள் தரும் சொற்கள் இல்லாததும் துணைக் காரணம் என்றது. உலகம் முழுவதற்குமான பதில் வர 2012 ஆனது. அந்த ஆண்டுதான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இரண்டு நிலைகளை வரையறுத்தது. ‘மினிமம் ஃப்யூயல்’ என்றால், இனித் தாமதம் தந்தால் கடைசிக் கையிருப்பில் கைவைக்க நேரும். ‘மேடே ஃப்யூயல்’ என்றால், கைவைத்துத்தான் இறங்கப்போகிறோம். ஜெட் விமானத்துக்கு அந்தக் கையிருப்பு 30 நிமிடம். ‘முன்னுரிமை’க்கு அந்த வரையறையில் இடமே இல்லை.

இப்போது குரலுக்குப் பதில் எழுத்தில் உத்தரவு அனுப்பும் முறை பரவிவருகிறது. கடல்மேல் பறக்கும் விமானங்களுக்கு அது பெரிய வசதி. திரையில் 2,400 என்று வந்தால் யாரும் 400 என்று படிக்கமாட்டார்கள். ஆனால் அதில் ஒன்று போய்விடுகிறது. ஒரே அலைவரிசையில் எல்லோரும் எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு காவல். டெனரீஃபின் ஃப்ளைட் இன்ஜினியருக்குச் சந்தேகம் வந்ததே அடுத்தவர் பேச்சு காதில் விழுந்ததால்தான். எழுத்து அவரவர் திரைக்கு மட்டும் போகும். இறங்கும் நேரத்து நெருக்கடியில் இன்னும் குரல்தான்.

இதுவரை விமானி எப்படிப் பேசவேண்டும் என்றே சொல்லிவந்திருக்கிறேன். அது பாதிதான். அந்த இரவில் அப்ரோச் கன்ட்ரோலர் கேட்ட கேள்வியைப் பாருங்கள்: அது உங்களுக்கும் உங்கள் எரிபொருளுக்கும் சரிதானே? அக்கறையோடு கேட்ட கேள்விதான். ஆனால் ‘சரி’ என்று சொல்வதற்கு வழி அமைத்துக்கொடுத்த கேள்வி. அந்த உரையாடலில் அதிகாரம் இருந்தது கன்ட்ரோலர் கையில். கேள்வியின் வடிவத்தை மாற்றும் வசதியும் அவரிடம்தான் இருந்தது. இன்று எரிபொருளைப் பற்றி யாராவது மழுப்பலாகப் பேசினால் கன்ட்ரோலரே முந்திக்கொண்டு, எமர்ஜென்சி அறிவிக்கிறீர்களா என்று கேட்பதைப் பார்க்கலாம். அறிவித்த உடனே கேட்கப்படுபவை இரண்டு: எத்தனை நிமிட எரிபொருள் இருக்கிறது, எத்தனை உயிர்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் எண்ணைத்தான் பதிலாகச் சொல்ல முடியும்.